நாலாம் நம்பர் லிஃப்டில் போட்ட சத்தம்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த லிஃப்ட்காரர், வரவேற்பு மேசைக்கு மேலே தொங்கும் பெரிய டி.வி.யில் ஒரு முகத்தைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம். காணாமல் போன யாரோ, பாவம் என்று நினைத்துக்கொண்டு இரண்டடி நடந்த பிறகுதான் அது தன் முகம் என்று உறைத்தது. அடையாள அட்டைக்காக எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம். அதில் மீசை இன்னும் கறுப்பாக இருந்தது.

படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தைகள். அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் படம் மறைந்து, சர்க்கரை நோயாளிகள் பாதங்களைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று ஒரு பெரிய பாதம் வந்து நின்றது. அதற்குப் பின் வண்டி நிறுத்துமிடம், பார்வையாளர் நேரம், கண் பரிசோதனை முகாம். சுற்றி வந்து மறுபடியும் தன் முகம் வரும்வரை அவர் தூணோரம் நின்றார். இந்தத் தடவை வாசித்துவிட்டார். ஷவுட். அவுட். அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ இரண்டு வரி. அதைத் தொடங்குவதற்குள் மறுபடியும் பாதம் வந்துவிட்டது.

‘அவுட்’டுக்கு அவருக்கு அகராதி தேவைப்படவில்லை. கிரிக்கெட்டில் அவுட் என்றால் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்த வார்த்தையை எழுதித் தெருப்பக்கம் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். முதல் வார்த்தைதான் இடித்தது. வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் போனார்.

“அண்ணே, ஷவுட்னா என்ன?”

“கத்துறது. சத்தம் போடுறது” என்றார் வாட்ச்மேன், வண்டிச் சீட்டு கிழித்துக்கொண்டே.

“பக்கத்துல அவுட்டுன்னு இருந்தா?”

வாட்ச்மேன் கிழிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். அவரும் அவ்வளவு படித்தவரில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். “சத்தம் போட்டு வெளிய அனுப்புறதா இருக்கும். இல்ல... சத்தம் போட்டவன வெளிய அனுப்புறதோ என்னமோ. ஏன், யாருக்கு?”

“சும்மா கேட்டேன்” என்றார் லிஃப்ட்காரர். அடுத்த கேள்வி கேட்காமல் நகர்ந்தார். ஏனென்றால் அவர் சத்தம் போட்டிருந்தார். போன வியாழக்கிழமை, பட்டப்பகலில், இந்த ஆஸ்பத்திரியிலேயே யாரும் சத்தம் போட்டிராத ஓர் ஆளிடம்.

அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஐம்பத்தாறு வயது. பஞ்சாலையில் பதினான்கு வருஷம் இருந்தார். ஆலையை இழுத்து மூடிய பிறகு, பெண்சாதியின் அண்ணன் சொல்லித்தான் இங்கே சேர்ந்தார். பத்தொன்பது வருஷமாக நாலாம் நம்பர் லிஃப்ட். படுக்கையோடு நோயாளிகளை ஏற்றி இறக்கும் லிஃப்ட் அது. நீளமாக, எவர்சில்வர் பாத்திரக்கடை அலமாரி போல இருக்கும். மூலையில் ஒரு முக்காலி, தலைக்கு மேல் ஒரு குட்டி மின்விசிறி, சுவரில் அவசரத் தொலைபேசி. ஒரு நாளைக்கு அவர் பேசுவதெல்லாம் “மேலயா, கீழயா?” என்பதோடு சரி. அதனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருக்கு ‘மேலகீழ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “மேலகீழ அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு” என்று சீரியஸான முகத்தோடு சொல்வார்கள்.

லிஃப்ட் ஓட்டுவதில் என்ன இருக்கிறது, பொத்தானை அமுக்குவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பதில் சொல்வதில்லை. ஆனால் லிஃப்ட் தரைமட்டத்துக்கு ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றால் கட்டிலின் சக்கரம் விளிம்பில் இடிக்கும் என்பதும், வயிற்றைத் திறந்து தைத்த நோயாளிக்கு அந்த ஓர் இடி உயிர் போய் உயிர் வரும் வலி என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் கதவு திறந்ததும் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பார். தாழ்ந்திருந்தால் கையைக் காட்டிக் கட்டிலை நிறுத்தி, மறுபடி ஏற்றி இறக்கிச் சமமாக்குவார். தள்ளி வருபவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கட்டிலில் கிடப்பவருக்கு இப்படி ஒரு காரியம் நடந்ததே தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அவர் வேலை நன்றாக நடந்தது என்று அர்த்தம். பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவரைப் பாராட்டியதில்லை. பாராட்டவில்லையே என்று அவருக்கும் தோன்றியதில்லை.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சர்ஜன் இருந்தார். எல்லாரும் அவருக்கு வைத்த பெயர் ‘கத்தி டாக்டர்’. கையில் கத்தி பிடிப்பதால் வந்த பெயரா, எல்லாரிடமும் கத்துவதால் வந்த பெயரா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அவர் தாழ்வாரத்தில் வந்தாலே நர்ஸுகள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். நாலாம் மாடியில் அறுவை அரங்கு. அவர் தினமும் படியேறித்தான் போவார். உடம்பை எவ்வளவு கட்டுக்கோப்பாக வைத்திருக்கிறார் பார் என்று பேசிக்கொள்வார்கள். அன்றைக்குக் கால் சுளுக்கியிருந்தது. கணுக்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து லிஃப்டுக்குள் நின்றார். லிஃப்ட்காரர் வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. நாலை அமுக்கினார்.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. லிஃப்ட் வரவில்லை. விளக்கும் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. மூலையில் ஒரு சின்ன பேட்டரி விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. லிஃப்ட்காரர் தொலைபேசியில் மெக்கானிக்கைப் பிடித்தார். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

இதெல்லாம் அவருக்குப் புதிதில்லை. திரும்பிப் பார்த்தார். கத்தி டாக்டர் கதவின் இடுக்கில் நகத்தை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். வாயால் மூச்சு வாங்கியது. நாய் இரைப்பதுபோல வேகமாக. “திறங்க... திறங்க...” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. கை தடதடவென்று நடுங்கியது.

“ஒண்ணுமில்ல டாக்டர், வந்துருவாங்க” என்றார் லிஃப்ட்காரர். காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். டாக்டர் தலையால் கதவை முட்டப் போனார்.

அப்போதுதான் அது நடந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வந்த பிறகுதான் அது தன் தொண்டையிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்தது.

“உக்காருங்க! வாய மூடுங்க! மூக்கால மூச்சு விடுங்க!”

டாக்டர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வாயை மூடினார். லிஃப்ட்காரர் விடவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் எத்தனை விளக்கு என்று கேட்டார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். இன்றைக்கு யாருக்கு ஆபரேஷன், எந்த இடத்தில் முதலில் கீறுவீர்கள், அப்புறம், அதுக்கப்புறம் என்று கேட்டுக்கொண்டே போனார். பதில் தாமதமானால் “சொல்லுங்க!” என்று மறுபடியும் அதட்டினார். டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொன்றாக ஒப்பித்தார். ஒப்பிக்க ஒப்பிக்க மூச்சு சீரானது. இருபத்து மூன்று நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். டாக்டர் எழுந்தார், கோட்டை இழுத்துவிட்டார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நொண்டிக்கொண்டே படியேறிப் போய்விட்டார். அரை மணி கழித்து ஆபரேஷன் செய்தார். அது நல்லபடியாக முடிந்தது.

அதற்கப்புறம்தான் லிஃப்ட்காரருக்கு உறைத்தது. கத்தி டாக்டரிடம் ‘வாயை மூடு’ என்று சொல்லியிருக்கிறோம்! இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. தன் வேலை போகும் என்ற பயம் பாதி. அந்த அம்மாள் இரும்பு மனுஷி என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது நாம் எதற்கு வாயைத் திறப்பது என்பது மீதி.

இப்போது திங்கட்கிழமை, தன் படம் டி.வி.யில். லிஃப்டைத் திறந்து முக்காலியில் உட்கார்ந்தவுடனே மூன்றாம் மாடி சிஸ்டர் மருந்துத் தட்டோடு ஏறினாள்.

“அண்ணே, கலக்கிட்டீங்க!”

“எத சிஸ்டர்?”

“ஷவுட் அவுட் வாங்கிட்டீங்களே! வியாழக்கிழமை லிஃப்ட்ல பண்ணினதுக்குன்னு போட்டிருக்கு. யாரு போட்டாங்கன்னு பேரு இல்ல. அப்படி என்னதான் பண்ணினீங்க?”

வியாழக்கிழமை. லிஃப்ட். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. “நான் ஒண்ணும் பண்ணலையே” என்றார் ஈனக்குரலில்.

“ரொம்பத்தான் பிகு பண்றீங்க” என்று சிரித்துக்கொண்டே சிஸ்டர் இறங்கிப் போனாள்.

கலக்கிவிட்டீர்கள் என்றால் நன்றாகச் செய்தீர்கள் என்றும் சொல்லலாம், கெடுத்துவிட்டீர்கள் என்றும் சொல்லலாம். சினிமா பார்த்துவிட்டு வந்தால் கலக்கிட்டான் என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியைக் குழந்தை கலக்கினால் முதுகில் ஒன்று வைக்கிறார்கள். இது எந்தக் கலக்கு? பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் ஏறி, “பின்னிட்டீங்க போங்க” என்றார். யாரை? பதினொன்றுக்குச் சலவைக்காரர் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “என்னப்பா, பெரிய கிழி கிழிச்சிட்டியாமே?” கிழிப்பது என்றால் நிச்சயம் நல்லதில்லை. “என்னத்த கிழிச்ச?” என்றுதானே எல்லாரும் கேட்பார்கள்.

மதியம் கேன்டீனுக்குள் அவர் தட்டை ஏந்திக்கொண்டு நுழைந்ததும், மூலை மேசையில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவர் அப்படியே நின்றுவிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் கை தட்டி அவர் பார்த்ததெல்லாம் ஓய்வு பெற்றுப் போகிறவர்களுக்குத்தான். ஒரு மாலை, ஒரு சுவர்க்கடிகாரம், கை தட்டு, வாசல். ஆக, அவுட் என்பது உறுதியாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. பாதியிலேயே கை கழுவிவிட்டார்.

ஆபீஸில் போய் நேராகக் கேட்டிருக்கலாம். போனார், வாசல்வரை. உள்ளே மேனேஜர் போனில் யாரிடமோ, “ஆமாமா, நம்ம லிஃப்ட் ஆளுதான். சைலண்டா இருப்பாரு. யாரு நெனச்சா!” என்று சொல்வது கேட்டது. திரும்பி வந்துவிட்டார்.

அவர் மனைவி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தார். பதினோரு பிள்ளைகளை ஒரே குரலில் உட்காரவைக்கும் குரல் அது. சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கி, ஒரு டாக்டரிடம் சத்தம் போட்டுவிட்டேன் என்று சொன்னார். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “நீங்களா? சத்தமா?”

“ஆமா.”

“எவ்வளவு சத்தம்?”

“நல்லாவே.”

“முப்பது வருஷமாச்சு, என்கிட்ட ஒரு வார்த்தை உரக்கப் பேசினது கெடையாது. அங்க போயி டாக்டர்கிட்ட போட்டீங்களாக்கும்!” கோபமா சந்தோஷமா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. “என்ன சொன்னீங்க?”

“வாய மூடுங்கன்னு.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து அவர் கிட்டே போனார். சிரிப்பு. சிரித்து முடித்த பிறகு மனைவிக்கும் பயம் தொற்றிக்கொண்டது. மகளுக்குப் போன் போட்டு அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாமா என்றார். “வேண்டாம்மா, மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா அசிங்கம்” என்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கடைசியில் மன்னிப்புக் கடிதம் எழுதுவது என்று முடிவானது. மனைவியின் கையெழுத்துதான் அழகு என்பதால் அவரே எழுதினார். ‘மன்னிக்கவும்’ என்று எத்தனை தடவை போடுவது என்பதில் மட்டும் தகராறு வந்தது. ஒன்று போதும் என்றார் மனைவி. குறைந்தது மூன்று வேண்டும் என்றார் அவர். இரண்டில் முடிந்தது.

மறுநாள் மதியம், நாலாம் மாடியில் டாக்டரின் அறைக் கதவைத் தட்டினார். டாக்டர் தனியாக இருந்தார். கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. லிஃப்ட்காரரைப் பார்த்ததும் முகம் சிவந்தது. அவர் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

டாக்டர் வாசித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். “இது எதுக்கு?”

“டி.வி.ல போட்டிருக்கீங்களே டாக்டர். சத்தம் போட்டதுக்கு. நீங்க சொன்னா வேலை வேணாம்னு நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன். படத்த மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்கறாங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கடவுளே! அது திட்டு இல்லைங்க. பாராட்டு. ஒருத்தர் பேரச் சொல்லி எல்லார் முன்னாலயும் பாராட்டினா இப்ப அப்படித்தான் சொல்றாங்க. போன மாசம் மீட்டிங்ல சொன்னாங்களே? யாரு வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் எழுதிப் போடலாம், திங்கட்கிழமை டி.வி.ல வரும்னு.”

“நான் லிஃப்ட்ல இருந்திருப்பேன் டாக்டர்.”

“ஆமா... மீட்டிங்குக்கு வந்தவங்களை நீங்கதான் ஏத்திவிட்டிருப்பீங்க.”

லிஃப்ட்காரரின் மூளைக்குள் ஏதோ ஒன்று மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றிருந்தது. “பாராட்டுறதுக்கு ஏன் டாக்டர் சத்தம்னு பேரு வச்சாங்க?”

“கூட்டத்துக்கு நடுவுல நின்னு, இந்தா இவருதான் அப்படின்னு உரக்கக் கூப்பிட்டுச் சொல்ற மாதிரி. அதனால.”

“நீங்க உரக்கச் சொல்லலையே. உங்க பேரே அதுல இல்லையாமே.”

குத்திக்காட்டவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, “பேரு போட்டா எதுக்குன்னு கேப்பாங்க” என்றார்.

“இப்பவும் கேக்கத்தான் செய்றாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் பண்ணலன்னு சொன்னேன்.”

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “சின்ன வயசுலேர்ந்தே எனக்கு அடைச்ச இடம் ஆகாது. இங்க யாருக்கும் தெரியாது. அன்னைக்கு நீங்க சத்தம் போடலன்னா, அந்தக் கையோட நான் தியேட்டருக்குள்ள போயிருக்க முடியாது. உள்ள ஒருத்தர் படுத்துக்கிட்டிருந்தார்.” கடிதத்தை மடித்தார். “இத நான் வச்சுக்கட்டுமா?”

தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்குக் குழப்பம் முழுசாகப் பிடித்தது. தப்பே இல்லையென்றால் மன்னிப்புக் கடிதத்தை டாக்டர் எதற்கு வைத்துக்கொள்கிறார்? திருப்பி வாங்கியிருக்க வேண்டுமோ? பத்தொன்பது வருஷம் சக்கரம் இடிக்காமல் பார்த்துக்கொண்டதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள், ஒரு பெரிய மனுஷியை மரியாதையில்லாமல் அதட்டியதற்கு டி.வி.யில் படமா? சந்தோஷப்படலாம் என்று தெரிந்துவிட்டது. எந்த இடத்திலிருந்து சந்தோஷப்படத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அன்று பிற்பகல் ஒரு கட்டிலை இரண்டாம் மாடிக்குப் பதில் மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டார். இதுவரை அவர் செய்திராத காரியம்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காப்பகம் அரை நாள்தான். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். இருவரும் டி.வி.க்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பாதம் வந்தது. வண்டி நிறுத்துமிடம் வந்தது. மனைவி கண்ணாடி எடுக்கப் பைக்குள் கையை விட்ட நேரம் பார்த்து அவர் முகம் வந்து போய்விட்டது.

“வந்துச்சு, போயிடுச்சு” என்றார் அவர்.

“ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொல்றதுக்குள்ள போயிடுச்சு.”

மறுபடி உட்கார்ந்தார்கள். பார்வையாளர் நேரம், கண் முகாம், மறுபடி பாதம். இந்தத் தடவை மனைவி கண் கொட்டாமல் பார்த்தார். படம் வந்தது. எட்டு நொடி.

“ஏங்க இப்படித் திருதிருன்னு முழிக்கிறீங்க போட்டோல?” என்றார். ஆனால் கண் பளபளத்தது. பிறகு தலையைச் சாய்த்து, “அது சரி, யாரு பாராட்டினது? நாம கடுதாசி எழுதினோமே, அந்த டாக்டரா? வாய மூடச் சொன்னதுக்கு எந்த டாக்டராவது பாராட்டுவாங்களா? என்னதான் நடந்துச்சு அன்னைக்கு?”

“லிஃப்ட் நின்னுச்சு. அப்புறம் ஓடிச்சு.”

“என்கிட்டயே மறைக்கிறீங்க பாத்தீங்களா.”

அவர் தரையைப் பார்த்தார். சொல்லிவிடலாம் போலவும் இருந்தது. சொன்னால் அது அந்த அம்மாளின் விஷயம், நம்முடையது இல்லை என்றும் இருந்தது. அதற்குள் பக்கத்து நாற்காலியில் மருந்துச் சீட்டோடு காத்திருந்த ஒரு முதியவர் டி.வி.யையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அதுல இருக்கறது நீங்கதானே? என்ன தம்பி செஞ்சீங்க?” என்று கேட்டார்.

லிஃப்ட்காரர் விழித்தார். மனைவி அவரை முந்திக்கொண்டு, பதினோரு பிள்ளைகளை உட்காரவைக்கும் அதே குரலில், “சத்தம் போட்டாருங்க!” என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வரவேற்பு மேசைப் பெண் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்றாள். முதியவர் புரிந்துகொண்டவர் போல மெல்லத் தலையாட்டினார். என்ன புரிந்துகொண்டார் என்று கேட்க லிஃப்ட்காரருக்குத் துணிச்சல் வரவில்லை. உணவு இடைவேளை முடிய இன்னும் ஐந்து நிமிஷம்தான் இருந்தது. மனைவியை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.